அல்சூரில் கீழே கடை, மேலே வீடு: 4.10 கோடி கேட்கிறார்கள், வாங்கலாமா?

வாசகர் கேள்வி: 14 செப்டம்பர் 2025, ஞாயிறு

பெங்களூரில் அல்சூர் பஜார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. 22-க்கு 55 மனை. தரைத்தளத்தில் மூன்று கடை, முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் இரண்டிரண்டு வீடு, அதற்கு மேல் ஷீட் போட்ட மூன்று அறை. மாத வாடகை 1,62,000 வருகிறது என்று புரோக்கர் சொல்கிறார். விலை 4 கோடியே 10 லட்சம். மெட்ரோவுக்கு நடந்து போகலாம். எனக்கு ஊர் திருவண்ணாமலை, வேலை ஒயிட்ஃபீல்டில். அப்பா நிலம் விற்ற பணமும் என் சேமிப்பும் சேர்ந்து பாதி இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்குவேன். அபார்ட்மெண்டில் பணத்தைப் போடுவதைவிட இதுதான் புத்திசாலித்தனம், வாடகையே கடனைக் கட்டிவிடும் என்பது என் கட்சி. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

14 செப்டம்பர், இரவு 9.40

மறுக்கிறேன். வாடகை கடனைக் கட்டாது. பாதி என்றால் 2.05 கோடி. கீழே கடை இருக்கிற கட்டடத்துக்கு வீட்டுக்கடன் வட்டியில் யாரும் தர மாட்டார்கள். 9.5 சதவீதம், 15 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 2.14 லட்சம். அந்த 1.62 லட்சம் ஒரு ரூபாய் குறையாமல் வந்தாலும் மாதா மாதம் 52,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். பத்திரச் செலவு 6.6 சதவீதம், அது ஒரு 27 லட்சம். 'பாதி இருக்கிறது' என்றீர்களே, அந்தப் பாதியில் இது சேர்ந்ததா?

அப்புறம் அந்த 1.62 லட்சம். மர்பி டவுனில் இதே மாதிரி ஒன்றை நானும் தம்பியும் சேர்ந்து 2013-இல் வாங்கினோம். இரண்டு கடை, மூன்று வீடு. அன்று புரோக்கர் சொன்ன வாடகைத் தொகை முழுதாகக் கைக்கு வந்தது இந்த 12 வருடத்தில் எட்டு மாதமோ ஒன்பது மாதமோதான். ஒவ்வொரு கதவுக்கும் யார் இருக்கிறார், எந்த வருடத்திலிருந்து, வாடகை என்ன, அட்வான்ஸ் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். புரோக்கரைக் கேட்டு இல்லை. கதவைத் தட்டிக் கேட்டு.

14 செப்டம்பர், இரவு 11.05

தப்பு செய்துவிட்டேன். பதிவுக் கட்டணம் போன மாதம் 31-ஆம் தேதியிலிருந்து 1 சதவீதம் இல்லை, 2 சதவீதம். முத்திரைத்தாள் 5, அதன் மேல் செஸ், சர்சார்ஜ், பதிவு 2, எல்லாம் சேர்ந்து 7.6. நான் சொன்ன 27 லட்சத்தை அடித்துவிட்டு 31 லட்சத்து 16 ஆயிரம் என்று வாசிக்கவும். கைடன்ஸ் வேல்யூவுக்கு, அதாவது அரசு குறித்திருக்கிற மதிப்புக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்துவிடலாம் என்று யாராவது காதில் ஓதுவார்கள். ஓதட்டும். வங்கி பத்திரத் தொகையைப் பார்த்துத்தான் கடன் தரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருந்து லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் உங்கள் தலையில்.

16 செப்டம்பர், காலை

ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவருக்கு அல்சூர் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்காது. கொஞ்சம் சொல்கிறேன், அவசரக்காரர்கள் அடுத்ததற்குப் போகலாம்.

திப்பு விழுந்தது 1799-இல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய பிரிட்டிஷ் படைக்குக் காய்ச்சல் தாங்கவில்லை. 1809-இல் பெங்களூரில் இந்த ஏரிப் பக்கம் முகாம் போட்டார்கள். கன்னடக்காரர்கள் வாயில் அது தண்டு. படை மதராஸ் படை. அதனால் சிப்பாய், சமையல்காரர், வண்ணார், காண்டிராக்டர், ஆற்காட்டு முதலியார் எல்லாம் தமிழ்ப் பக்கத்திலிருந்து கூடவே வந்தார்கள். 1949 வரை தண்டுக்குத் தனி நகராட்சி, பேட்டைக்கு, அதாவது பழைய ஊருக்குத் தனி. அல்சூரில் சோமேஸ்வரர் கோயில் அதற்கெல்லாம் மூத்தது. அதைச் சுற்றித்தான் தேர் போகிற கார் ஸ்ட்ரீட், பஜார் தெரு. வீதியில் ஒரு துண்டு முகப்பு கிடைத்தால் போதும், முன்னால் கடை, பின்னால் குடும்பம். பிள்ளைகள் பெருகப் பெருக மேலே ஒரு மாடி. இடது பக்கம் உருது, எதிர்வீட்டில் தெலுங்கு, ஏரிக்கரையில் குருத்வாரா. இது யாரோ திட்டம் போட்டு வந்ததில்லை.

எங்கள் அப்பா 1971-இல் ஜோகுபாளையாவில் இப்படி ஒரு கட்டடத்தின் மாடியில்தான் குடிவந்தார். கீழே அரிசிக் கடை. ராத்திரி மூட்டை இறங்குகிற சத்தத்தில் தூங்கிப் பழகிய எனக்கு இப்போது நிசப்தமான இடத்தில் தூக்கம் வருவதில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு, மதியம்

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் கறி வாங்கப் போவேன்.

தெருவிலிருந்து பார்த்தால் கட்டடம் பல்லைக் காட்டும். மாடிப்படி குறுகல், ஆள் ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் காத்திருக்க வேண்டும். ஆனால் கீழ்த்தளச் சுவர் கெட்டி, தூண்களில் விரிசல் இல்லை. முதல் மாடி வரை ஒரு கை, அதற்கு மேல் வேறொரு மேஸ்திரி கை என்று பார்த்ததும் தெரிகிறது.

கடைகளில் முதல் கடை தையல். வாணியம்பாடிக்காரர், எல்லோருக்கும் டெய்லர் பாய். 1998-லிருந்து அங்கேதான். வாடகை 9,000. கேட்டதும் சிரித்துக்கொண்டே, "புரோக்கர் உங்களுக்கு 19,000-ன்னு சொல்லியிருப்பாரே சார்?" என்றார். அட்வான்ஸ் 25,000, அந்தக் காலத்துப் பணம்.

நடுவில் டிபன் கடை. தர்மபுரிக்காரர், 32,000 வாடகை, 3.2 லட்சம் அட்வான்ஸ். பொங்கல் நன்றாக இருந்தது. வடையில் எண்ணெய். மூன்றாவது ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ் கடை, 18,000. அதற்கு 1.8 லட்சம்.

முதல் மாடியில் ஒரு பக்கம் கர்நூல் குடும்பம், மறு பக்கம் நான்கு மலையாள நர்ஸ்கள். தலா 17,000, பத்து மாத அட்வான்ஸ். இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் ஹூப்ளியிலிருந்து வந்த வாத்தியார், 16,000. அவருக்கும் பத்து மாதம். மற்ற வீட்டில் இருக்கிற அம்மா கதவைப் பாதி திறந்து, "நாங்க வாடகை இல்லைங்க, லீஸ்" என்றார். 8 லட்சம். மேலே ஷீட் அறைகளில் மணிப்பூர்ப் பையன்கள் இரண்டு பேர், ஒடிசாப் பையன் ஒருவன். 8,500, ஆளுக்கு 50,000 கொடுத்திருக்கிறார்கள்.

எட்டு மொழி கேட்டேன், தமிழில்தான் பேசினேன், எல்லோரும் பதில் சொன்னார்கள்.

21 செப்டம்பர், இரவு

உட்கார்ந்து கூட்டினேன். கடைகள் 59,000. முதல் மாடி 34,000. இரண்டாவது மாடி 16,000. அறைகள் 25,500. மொத்தம் 1,34,500. புரோக்கர் சொன்னது 1,62,000. இடைவெளி 27,500 எங்கே போனது என்றால், பாய் கடைக்குப் பத்தாயிரம் கூட்டிக்கொண்டார், லீஸ் வீட்டுக்கு 17,500 வாடகை வருவதாக அவரே ஒன்று போட்டுக்கொண்டார். பொய் என்று சொல்லமாட்டேன். 'வரக்கூடிய வாடகை' என்று சொல்லித் தப்பிப்பார்.

வருடத்துக்கு 16.14 லட்சம். இதில் சொத்து வரி, பொது மின்சாரம், தண்ணீர், வீடு மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், வெள்ளை அடிப்பது, குழாய் ஒழுகல் என்று என் மர்பி டவுன் கணக்கை வைத்து 3.8 லட்சம் கழித்தேன். மிச்சம் 12.34. விலை, பத்திரச் செலவு சேர்த்து நீங்கள் போடுவது 4.41 கோடி. 2.8 சதவீதம். இதற்கு ஒயிட்ஃபீல்டிலேயே தபால் நிலையம் இருக்கிறது.

இன்னொன்று, இதுதான் பெரிது. அட்வான்ஸைக் கூட்டினால் 19.75 லட்சம். இந்தப் பணம் விற்கிறவர் கைக்குப் போய்ச் செலவாகியும் விட்டது. குடியிருப்பவர் காலி பண்ணும்போது திருப்பிக் கேட்கப்போவது உங்களை. விலையில் கழிக்க வேண்டும். கழிக்கிறேன் என்று வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொருவரிடமும் 'இவ்வளவு கொடுத்திருக்கிறேன், இனி இவரை உரிமையாளராக ஏற்கிறேன்' என்று கையெழுத்துக் கடிதம் வாங்கிப் பத்திரத்தோடு வைக்க வேண்டும்.

22 செப்டம்பர்

லீஸ் என்றால் என்ன என்று சென்னை வாசகர் ஒருவர் கேட்கிறார். அங்கே ஒத்தி, போக்கியம் என்பார்களே, அதுதான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பது, காலி பண்ணும்போது முழுத் தொகையும் திரும்பும். வீட்டுக்காரருக்கு அவசரப் பணம் கிடைக்கும், குடியிருப்பவருக்கு மாத வாடகை மிச்சம். 11 மாதத்துக்கு மேல் போகிற குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது, பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாளில் எழுதி மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். வில்லங்கச் சான்றில் வரவே வராது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2013-இல் பத்திரம் முடிந்து ஒன்பதாம் நாள் மாடி வீட்டுக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார். ஐந்து லட்சம். நாங்கள் அவர் வாடகை கொடுக்கிறார் என்று நினைத்திருந்தோம். விற்றவரோ போனை எடுக்கவில்லை. தம்பி தன் மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்தான். அந்த வருடம் அவன் மனைவி எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்கு வரவில்லை.

22 செப்டம்பர், பிற்பகல்

11 மாதம் என்று எழுதியதைத் திருத்துகிறேன். சட்டத்தில் இருப்பது ஒரு வருடம். ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு. அதனால்தான் எல்லோரும் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள்.

24 செப்டம்பர்

புரோக்கர் எனக்கே போன் செய்து, "சார், நல்ல பிராப்பர்ட்டி ஒண்ணு இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?" என்றார். அதே கட்டடம். வாடகை இப்போது 1,70,000.

27 செப்டம்பர்

"அந்த டெய்லரைக் காலி பண்ணிவிட்டு 19,000-க்கு வேறு ஆளை வைத்தால் தீர்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். தீராது. கர்நாடக வாடகைச் சட்டம் 2001 டிசம்பர் 31-இல் அமலுக்கு வந்தது. பெரிய கடைகளை அது தொடுவதில்லை. 14 சதுர மீட்டருக்கு மிகாத சின்னக் கடை, அன்றைக்கு வாடகை 3,500-ஐத் தாண்டாதது என்றால் சட்டத்துக்குள் வரும். பாய் கடை பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 11 சதுர மீட்டர் சொச்சம். 2001-இல் வாடகை 1,800 என்றார். வழக்குப் போட்டால் உங்கள் மகன் வந்து தீர்ப்பு வாங்கிக்கொள்ளட்டும்.

5 அக்டோபர், ஞாயிறு

கேட்டவர் பத்திர நகல்களை எனக்கு அனுப்பினார். நான் வக்கீல் இல்லை, அடிபட்டவன் என்ற தகுதியில் வாசித்தேன்.

இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துக் கணக்குச் சான்று, இருக்கிறது, நல்லது. போன அக்டோபரிலிருந்து அது இல்லாமல் பெங்களூரில் பதிவே கிடையாது. ஆனால் காத்தா இருப்பதால் கட்டடம் முறையானது என்று ஆகாது. பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். அனுமதி வாங்கிய பிளானில் தரைத்தளமும் ஒரு மாடியும்தான். நிற்பது தரையும் மூன்றும். நான் பார்த்த மேஸ்திரி மாற்றம் இதுதான். அக்ரம-சக்ரமவில் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம் என்று புரோக்கர் சொன்னாராம். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அவர் அந்த வருடத்துப் பேப்பர் படிக்கவில்லை போலிருக்கிறது. வங்கி மதிப்பீட்டாளர் வந்தால் இரண்டு தளத்துக்குத்தான் மதிப்புப் போடுவார். உங்கள் 2.05 கோடிக் கடன் அங்கேயே பாதி கரையும்.

சொத்து வரி ரசீதைப் பார்த்தால் மாடி வீடுகள் எல்லாம் 'சொந்தக் குடியிருப்பு' என்று போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாடகைக்கு விட்டால் வரி இரட்டிப்பு, கடைக்கு அதைவிட அதிகம். மாநகராட்சி இப்படிக் குறைத்துக் காட்டியவர்களைத் தேடித் தேடி நோட்டீஸ் விடுகிறது. பழைய பாக்கி கட்டடத்தோடு கூடவே வரும். எந்த மாநகராட்சி என்று கேட்காதீர்கள், போன மாதம் ஒன்றை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள், ரசீதில் இன்னும் பழைய பெயர்.

வில்லங்கச் சான்று 2004-லிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், கணினியில் கிடைப்பது அவ்வளவுதான். அதற்கு முந்தையதைக் கையால் எழுதிய பதிவேட்டில் தேடச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். விற்கிறவர்களின் அப்பா இதை வாங்கியது 1992 மார்ச்சில், ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து. தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். எங்கள் பெரியப்பா அந்தப் பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலூர் போனவர் திரும்பவே இல்லை. வந்த விலைக்கு விற்றார். அவசரத்தில் எழுதின பத்திரங்களில் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டார்களா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

இப்போது விற்பவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். ஒப்பந்த வரைவில் மூன்று பெயர்தான். இரண்டு தங்கைகள் உண்டு என்று பாய் சொன்னார். 2005 சட்டத்துக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கும் சமபங்கு, அவர்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

6 அக்டோபர்

நேற்று எழுதியதில் முடிவு சரி, காரணம் தப்பு. வக்கீல் நண்பர் ஒருவர் காலையிலேயே கூப்பிட்டுத் திட்டினார். 2005 திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு. கர்நாடகம் அதற்கு முன்பே, 1994-லேயே, கல்யாணமாகாத பெண்களுக்கு அதைக் கொடுத்துவிட்டது. ஆனால் இந்தக் கட்டடம் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அதனால் 1956 சட்டப்படியே மகன், மகள், மனைவி எல்லோருக்கும் சமம். ஆகவே அம்மா ஒரு பங்கு, பிள்ளைகள் ஐந்து பங்கு, மொத்தம் ஆறு கையெழுத்து. வம்சவிருட்சம் என்று தாலுகாவில் ஒரு சான்று தருவார்கள், அதை முதலில் கேளுங்கள். அம்மா இருக்கிறாரா என்று எனக்கும் தோன்றவில்லை, பாருங்கள். இருக்கிறாராம், பெரிய மகனோடு ஹோஸ்கோட்டையில்.

6 அக்டோபர், இரவு

தங்கைகளில் ஒருவர் அமெரிக்காவில். அப்படியானால் வரிப்பிடித்தம் வேறு. மற்றவர்கள் பங்குக்கு நீங்கள் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். அமெரிக்கத் தங்கை பங்குக்கு 12.5 சதவீதமும் மேல்வரியும். வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கி வந்தால் ஒழிய முழுப் பங்குத் தொகை மேல் பிடிக்கச் சொல்வார்கள். பிடிக்காமல் விட்டால் கட்ட வேண்டியது வாங்கியவர். இதற்காகத் தனியாக டான் என்கிற வரிப்பிடித்த எண் ஒன்று எடுக்க வேண்டும். புரோக்கரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துப்பார் சார்." யாருடைய ஆடிட்டர்?

19 அக்டோபர்

நல்ல மழை. வீடு பார்க்க மழை நாளில்தான் போக வேண்டும், பெண் பார்க்க எப்போது என்று பெரியவர்களைக் கேளுங்கள். ஷீட் அறையில் பக்கெட் வைத்திருக்கிறார்கள். வாத்தியார் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கி இந்தியா மேப் மாதிரி ஒரு கறை, ராமேஸ்வரம் வரை தெளிவாக. சந்தில் முழங்கால் தண்ணீர் இல்லை, அது ஒரு நிம்மதி.

தண்ணீர்தான் விஷயம். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே காவிரி இணைப்பு, ஒரே சம்ப். தண்ணீர் விடுகிற நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். டிபன் கடைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள், பில் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறார்களாம். 2024 கோடையில் டேங்கர் வாங்கினபோது நர்ஸ்களுக்கும் டிபன் கடைக்கும் சண்டை. தீர்த்து வைத்தது பாய். மோட்டார் போடுவது பாய். மேலே யார் வருகிறார், எந்தக் கொரியர் யாருக்கு, எந்தப் பையனுக்கு வேலை போய்விட்டது, எல்லாம் அவர் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார். வாட்ச்மேன் ஒருவர் வைத்தால் மாதம் 15,000. ஆக அவருடைய 9,000 வாடகை குறைச்சலா என்பது எனக்கு இப்போது சந்தேகம். செப்டம்பர் 21 கணக்கில் அவரை நஷ்டப் பக்கம் போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு வரவுப் பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

மின்சார மீட்டர் கடைகளுக்கு மூன்று, வீடுகளுக்கு மூன்று. இரண்டாவது மாடி இரண்டு வீடும் மேல் அறைகளும் ஒரே மீட்டரில் ஓடுகின்றன. 200 யூனிட் வரை இலவசம் என்று அரசின் கிருஹ ஜோதித் திட்டம் வந்த பிறகு தனி மீட்டர் இல்லாத வீட்டை யாரும் விரும்புவதில்லை. தனியாகப் போட்டுக்கொள்ளலாமே என்றால், 2024 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு குடிபுகலாம் என்று மாநகராட்சி தரும் சான்று இல்லாத கட்டடத்துக்குப் புது இணைப்பு குதிரைக்கொம்பு.

2 நவம்பர், ஞாயிறு

நேற்று கன்னட ராஜ்யோத்சவம். சந்து முனையில் மஞ்சள் சிவப்புக் கொடி, டிபன் கடைக்காரர் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். போர்டை மாற்றியிருக்கிறார். 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டம் வந்ததே, அப்போது அளவெடுத்து மாற்றினது. தமிழில் இருந்த பெயர் இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே உள்பக்கமாகத் தொங்குகிறது.

"இத்தனை கலவையான ஆட்களை வைத்துக்கொண்டு தலைவலி இல்லையா, ஒரே சமூகத்து ஆட்களாகப் பார்த்து வைத்தால் நிம்மதிதானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அனுபவம் நேர் எதிர். மர்பி டவுனில் 2020 ஊரடங்கில் இரண்டு கடையும் நான்கு மாதம் மூடிக் கிடந்தது, வீடுகள் வாடகை கொடுத்தன. 2022-இல் ஐ.டி. பையன்கள் மொத்தமாகக் காலி பண்ணியபோது கடைகள் தாங்கின. எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்திருந்தால் ஒரே மாதம் எல்லாக் கதவும் பூட்டியிருக்கும். தலைவலி சமையல் வாசனையில் வரும், செருப்பு வைக்கிற இடத்தில் வரும், மொழியில் வந்து நான் பார்க்கவில்லை. 1991-ஐச் சொல்லாதீர்கள், அது தெருவில் இருந்தவர்கள் செய்ததில்லை. எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது அரிசிக் கடை கௌடாதான்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991-லிருந்து துணி சுற்றி நின்றது. 2009 ஆகஸ்ட் 9-இல்தான் திறந்தார்கள், பதிலுக்குச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. நான் கூட்டத்தில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கன்னடப் பெரியவர் தன் பேரனைத் தோளில் ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அல்சூரில் விலை ஏறியது அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2011 அக்டோபரில் மெட்ரோ ஓடத் தொடங்கியதும். வள்ளுவருக்குப் பங்கு இல்லை.

9 நவம்பர்

ஜி.எஸ்.டி. கேட்டவருக்கு: கடை வாடகை மட்டும் வருடம் 7.08 லட்சம். வேறு வரவு இல்லையென்றால் 20 லட்சத்தைத் தொடாது, நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. கடைக்காரர் பதிவு செய்தவராக இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து வரியை அவர் கட்ட வேண்டி வரும், அதை வாடகையில் குறைக்கச் சொல்லிக் கேட்பார். ஆடிட்டரைக் கேளுங்கள், உங்கள் ஆடிட்டரை.

16 நவம்பர், ஞாயிறு

கேட்ட தம்பி நேற்று என்னோடு கட்டடத்துக்கு வந்தார். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவிலேயே வந்து இறங்கினார். இதுவரை உள்ளே ஏறியே பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது! படியில் பாதியில் நின்று, "அங்கிள், இதுல ஃபர்னிச்சர் எப்படி ஏத்துவாங்க?" என்றார். கயிறு கட்டி, பால்கனி வழியாக. முகத்தைப் பார்த்தேன், முடிவு தெரிந்துவிட்டது.

விற்பவர்கள் 3.70-க்கு இறங்கியிருக்கிறார்கள். அட்வான்ஸ் 19.75 அதிலேயே கழியும் என்று பெரிய மகன் ஒத்துக்கொண்டார், ஆக கையில் கொடுப்பது 3 கோடியே 50 லட்சத்துச் சொச்சம். இந்த விலையில் 1.34 லட்சம் வாடகை 4.4 சதவீதம், செலவு போக மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே. வாங்காதீர்கள் என்று செப்டம்பரில் சொன்னவன் நான். கடன் இல்லாமல் வாங்குகிறவருக்கு, மோட்டார் போட ஆள் இருக்கிறவருக்கு, மேல் இரண்டு தளம் ஒரு நாள் இடிக்க வேண்டி வந்தாலும் மனை விலையே போதும் என்று நினைக்கிறவருக்கு, இது வேறு கணக்கு. தம்பிக்கு அது மூன்றும் இல்லை.

16 நவம்பர், இரவு

என் மனைவி இவ்வளவையும் வாசித்துவிட்டுக் கேட்டது: "ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு நீங்க எதுக்கு அஞ்சு தடவை போய்ப் பார்த்தீங்க?"

கறி வாங்க.

7 டிசம்பர், ஞாயிறு

தம்பி ஹோப்ஃபார்ம் பக்கம் அபார்ட்மெண்ட் பார்த்துவிட்டாராம். நல்லது, லிஃப்ட் இருக்கும்.

அமெரிக்கத் தங்கை பவர் ஆஃப் அட்டர்னி அனுப்ப ஒத்துக்கொண்டிருக்கிறார், அங்கே தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு இங்கே வந்ததும் முத்திரை வைக்க வேண்டும். அம்மா மட்டும், 1992-இல் வாங்கினபோது முதல் நாள் பால் காய்ச்சின வீடு என்று இழுக்கிறாராம். அவர் கையெழுத்துப் போடும்வரை யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது என்று பெரிய மகனிடம் சொன்னேன். பழைய பதிவேட்டில் 1974 வரை தேடியாயிற்று, 1992 பத்திரத்தில் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மைனர் பையனுக்காக அம்மா போட்டிருக்கிறார். மைனர் பங்கு விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், வாங்கினார்களா என்று தெரியவில்லை. அவன் பதினெட்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், இன்றைக்கு அவனுக்கு நாற்பதுக்கு மேல். வக்கீல் நண்பர் தலையாட்டினார், ஆனால் மெதுவாக.

தம்பிக்கு, அதாவது என் சொந்தத் தம்பிக்கு, போன் செய்து எல்லாம் சொன்னேன். விலை, அட்வான்ஸ், லீஸ் 8 லட்சம், ஆறு கையெழுத்து, ஷீட் ஒழுகல். அரைமணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் ஒன்றுதான் கேட்டான்: "அந்த பாய் இன்னும் எத்தனை வருஷம் கடை நடத்துவாராம்?"